கை கால் தடுமாறும் பிள்ளைகள்: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதியைக் கொட்டிவிடுகிறான். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டாம் வகுப்பு வந்த பிறகும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. ஆனால் பேச்சில் குறையில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறான், கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறி", "கவனமே இல்லை", "வேண்டுமென்றே செய்கிறான்", "செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டான்". பள்ளியிலும் மதரஸாவிலும் இதே சொற்கள்தான் காத்திருக்கின்றன. சில இடங்களில் சொல்லோடு அடியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தத் தடுமாற்றத்திற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. சுருக்கமாக டி.சி.டி. என்பார்கள். டிஸ்பிராக்சியா என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் 40 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது. இவ்வளவு பரவலாக இருந்தும், போலியோ, பெருமூளை வாதம், ஆட்டிசம் ஆகியவற்றைக் கேள்விப்பட்ட பெற்றோர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதில்லை.

கள்ளக்குறிச்சி நகரம், சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று நம் குடும்பங்கள் வாழும் ஊர்களில் இருந்தாலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் பணியாற்றும் ஆசிரியராகவோ சுகாதாரப் பணியாளராகவோ இருந்தாலும், இந்தப் பிள்ளைகளை அடையாளம் காண்பது எப்படி, யாரிடம் அழைத்துச் செல்வது, வீட்டில் என்ன செய்வது என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

கை கால்களில் பலம் இருக்கிறது. கண் தெரிகிறது. புத்தி இருக்கிறது. சிக்கல், உடலை அசைப்பதற்கு மூளை போடும் திட்டத்தில் இருக்கிறது. ஒரு பந்தைப் பிடிக்க வேண்டுமானால் அது எங்கே வந்து சேரும், கையை எப்போது நீட்ட வேண்டும், எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை மூளை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு நாலைந்து முறை செய்ததும் அந்தக் கணக்கு தானாக ஓட ஆரம்பித்துவிடும். டி.சி.டி. உள்ள பிள்ளைக்கு ஐம்பது முறை செய்த பிறகும் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் மாலையில் அப்படிச் சோர்ந்துபோகிறார்கள். நேற்று சரியாகச் செய்ததை இன்று தவறாகச் செய்வதும் இதனால்தான். "நேற்று செய்தாயே, இன்று ஏன் முடியவில்லை?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது.

இது வளர்ப்பின் குற்றமல்ல. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடமும், மிகக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளிடமும் இது அதிகமாகக் காணப்படுகிறது. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கலந்த ஏ.டி.எச்.டி., வாசிப்புச் சிரமம், பேச்சுத் தாமதம் ஆகியவற்றில் ஒன்று இதோடு சேர்ந்து வருவதும் சாதாரணம். சாதாரண ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எனவே "ஸ்கேன் நார்மல், பையனுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது.

வயது வாரியாக அடையாளங்கள்

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கீழே உள்ளவற்றில் பல சேர்ந்து, பல மாதங்களாகத் தொடர்ந்து, பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்று வயதுக்கு முன்:
- ஒன்பது மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காராதிருத்தல்
- ஒன்றரை வயது ஆகியும் தனியாக நடக்காதிருத்தல்
இந்த இரண்டும் தெரிந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வயது:
- சமதரையிலும் அடிக்கடி விழுதல், கதவு நிலையிலும் மேசையிலும் மோதுதல்
- படிக்கட்டில் ஒரு படிக்கு ஒரு கால் வைத்து ஏறி இறங்கத் தெரியாமை
- சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கீழே சிந்துதல்
- வட்டம், கூட்டல் குறி போன்ற எளிய வடிவங்களை வரையத் தவித்தல். களிமண், கட்டை விளையாட்டைத் தவிர்த்தல்

பள்ளி வயது:
- பென்சிலை மிக இறுக்கிப் பிடித்தல், தாள் கிழியும் அளவுக்கு அழுத்துதல், கை வலிக்கிறது என்று அடிக்கடி சொல்லுதல்
- கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுதல்
- வாயால் சொல்லும் பதிலுக்கும் தாளில் எழுதும் பதிலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்
- பொத்தான், ஜிப், செருப்பு வார், ஷூ லேஸ் ஆகியவற்றில் திணறல்; சட்டையைத் திருப்பிப் போடுதல்
- பந்து பிடித்தல், கயிறு தாண்டுதல், பாண்டி ஆடுதல், சைக்கிள் ஓட்டுதல் ஆகியவற்றில் வயதொத்தவர்களைவிட வெகுவாகப் பின்தங்குதல்
- விளையாட்டு நேரத்தில் ஓரமாக நிற்றல், அல்லது கோமாளித்தனம் செய்து தன் தடுமாற்றத்தை மறைத்தல்

நம் வீடுகளில் மட்டும் தெரியும் சில அடையாளங்களும் உண்டு. உளூச் செய்யும்போது எதற்குப் பின் எது என்ற வரிசை திரும்பத் திரும்பக் குழம்புவது. முழங்கை வரை கழுவுவதற்குள் உடையெல்லாம் நனைந்துவிடுவது. ருகூவிலிருந்து ஸுஜூதுக்குப் போகும்போது தடுமாறிப் பக்கத்தில் நிற்பவர்மீது விழுவது. கைலியை இடுப்பில் நிற்கும்படி கட்ட முடியாமல் போவது. பெண்பிள்ளைக்கு மக்கனாவில் பின் குத்தத் தெரியாமல் போவது. விருந்தில் பலர் சேர்ந்து ஒரே ஸஹனில் சாப்பிடும்போது, தான் சிந்துவதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை பசியோடு எழுந்துவிடுவதும் உண்டு. இவையெல்லாம் அடங்காமை அல்ல. பல அசைவுகளை ஒரு வரிசையில் கோக்கும் வேலை அந்தப் பிள்ளைக்குக் கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

மருத்துவர்கள் இந்தக் குறைபாட்டை உறுதி செய்ய நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, வயதுக்கும் கிடைத்த வாய்ப்புக்கும் ஏற்ற இயக்கத் திறன் இல்லாதிருக்க வேண்டும். இரண்டு, அது படிப்பையோ அன்றாட வேலையையோ விளையாட்டையோ பாதிக்க வேண்டும். மூன்று, சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நான்கு, பார்வைக் குறைவு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, நரம்பு அல்லது தசை நோய் போன்ற வேறு காரணம் அதை விளக்கக் கூடாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குப் பிறகே உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு முன் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் ஒருவருக்கொருவர் மிகவும் மாறுபடும்.

முதல் விஷயத்தில் உள்ள "வாய்ப்பு" என்ற சொல் நம் மாவட்டத்தில் மிக முக்கியமானது. கல்வராயன் மலையின் ஒரு சிற்றூரிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளை ஆறு வயதில்தான் முதன்முதலாகப் பென்சிலைப் பிடித்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் எழுத்து கோணலாக இருப்பது குறைபாடு ஆகாது. அதே பிள்ளை கரடுமுரடான மலைப்பாதையில் குடத்தோடு இறங்கி வருவதைப் பார்த்தால், இயக்கத் திறனில் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும். மலைப் பிள்ளைக்கு டி.சி.டி. இருந்தால் அது முதலில் பாதையிலும் மரமேறுவதிலும் விறகு கட்டுவதிலும்தான் தெரியும். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால், பெற்றோர் கண்ணில் படாமல் விடுதிக் காப்பாளர் கண்ணில்தான் இது முதலில் படும். தட்டு கழுவுவது, துணி மடிப்பது, வரிசையில் நின்று குழம்பு வாங்கிக்கொண்டு வருவது ஆகியவற்றை அவர் கவனித்தால் போதும்.

நகரத்திலும் வாய்ப்பில்லாத பிள்ளைகள் உண்டு. ஏழு வயது வரை உம்மா ஊட்டிவிட்டு, பாட்டி குளிப்பாட்டி உடுத்திவிட்டு, மீதி நேரம் செல்போனில் கழிந்தால், அந்தக் கைகள் எதைப் பழகியிருக்கும்? சந்தேகம் வந்ததும் இரண்டு மூன்று மாதம் பிள்ளையே சாப்பிட, உடுத்த, துணி மடிக்கப் பொறுமையாகப் பழக்கிப் பாருங்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தால் பழக்கமின்மைதான் காரணம். எவ்வளவு பழக்கியும் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

இடது கைப் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இயல்பிலேயே இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு வற்புறுத்தி மாற்றினால், எழுத்து தடுமாறும். குறைபாடு போலவே தோன்றும். எழுதுவதற்கு எந்தக் கை இயல்போ அதையே விடுங்கள். வலது கையால் உண்பதை அன்போடு பழக்கலாம். உண்மையான இயலாமை உள்ளவர் மீது குற்றமில்லை என்றே மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

டி.சி.டி. நாளுக்கு நாள் மோசமாகும் நோய் அல்ல. கீழ்க்கண்டவை தெரிந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

- முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போவது
- தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளில் கை ஊன்றி ஊன்றி எழுவது. கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருப்பது. ஆண்பிள்ளைகளிடம் இது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம்
- ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலவீனமாக இருப்பது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது
- கை கால் விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, நடுக்கம், வலிப்பு
- திடீரெனத் தொடங்கிய தள்ளாட்டம், காலையில் தலைவலியும் வாந்தியும்

பெற்றோர் இருவரும் நெருங்கிய உறவினரா என்று மருத்துவர் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். சில மரபணு நோய்கள் சொந்தத்தில் நடக்கும் திருமணங்களில் அதிகம் என்பதால் அந்தக் கேள்வி. குடும்பத்தைக் குற்றம் சொல்வதற்காக அல்ல.

எங்கே போவது?

கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமாகத் தொடங்கியது. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. இப்போது மாவட்டத்துக்குள்ளேயே தொடங்க முடியும். படிப்படியாகச் சொன்னால்:

1. அங்கன்வாடியும் பள்ளியும். தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது, ஆர்.பி.எஸ்.கே. என்று அழைப்பார்கள். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பல வகைக் குறைபாடுகளுக்காக இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் இது. இயக்க வளர்ச்சித் தாமதமும் கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும் என்பது விதி. குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று நீங்களும் போய் நில்லுங்கள். சில நிமிடப் பரிசோதனையில் குழுவுக்குத் தெரியாததை நீங்கள்தான் சொல்ல முடியும்.

2. ஆரம்ப சுகாதார நிலையம். பார்வை, செவித்திறன், இரத்தசோகை ஆகியவற்றை முதலில் பார்த்துவிடலாம். கண்ணாடி போட்டதும் பாதித் தடுமாற்றம் தீர்ந்த பிள்ளைகளும் உண்டு.

3. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு. அங்கே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது டி.இ.ஐ.சி.க்குப் பரிந்துரைக்கும்படி பெயர் சொல்லியே கேளுங்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதற்காக ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வகுக்கப்பட்ட மையம் அது.

4. வட்டார வள மையம். மாவட்டத்தில் கல்வராயன்மலை உட்பட ஒன்பது ஒன்றியங்கள் உள்ளன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார அளவில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். மலையிலிருந்து அடிக்கடி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர முடியாத குடும்பத்துக்கு இதுவே கைக்கெட்டும் வழி.

5. மேல் ஆலோசனை தேவைப்பட்டால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

போகும்போது பிள்ளையின் எழுத்து நோட்டு ஒன்று, பிறந்தபோதைய எடையும் மாதமும் எழுதிய அட்டை, பிள்ளை தடுமாறும் வேலைகள் ஐந்தின் பட்டியல், முடிந்தால் சாப்பிடும்போதோ பொத்தான் போடும்போதோ எடுத்த ஒரு நிமிட செல்போன் வீடியோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அறையில் பயந்து ஒடுங்கி நிற்கும் பிள்ளையைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும்.

தூரம் ஒரு பெரிய தடை என்பது உண்மை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தெரபிஸ்டின் மேற்பார்வையில் அவர்களே வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை அது. மருத்துவமனைக்குப் போகும் நாட்களைவிட வீட்டில் இருக்கும் நாட்களே அதிகம். வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும் என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது

இதற்கென்று மாத்திரையோ டானிக்கோ இல்லை. பயிற்சிதான் மருந்து. ஆனால் எந்தப் பயிற்சி? 2019-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்வது இதுதான்: பிள்ளைக்கு எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக்க வேண்டும். பொத்தான் போட வேண்டுமானால் பொத்தானைத்தான் பழக வேண்டும். பந்தை உருட்டுவதாலும் உடம்பைப் பிரஷால் தேய்ப்பதாலும் பொத்தான் போட வந்துவிடாது. பெரிய தொகை கேட்கும் தனியார் மையத்தில் சேர்க்கும் முன், "மூன்று மாதத்தில் என் பிள்ளை எந்த வேலையைத் தானே செய்வான்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் யோசித்துச் சேருங்கள்.

கனடாவில் உருவான ஒரு முறை உலகெங்கும் பயன்படுகிறது. நான்கே கேள்விகள்: என்ன செய்யப் போகிறோம்? எப்படிச் செய்யப் போகிறோம்? செய்து பார்ப்போமா? சரியாக வந்ததா? இந்த முறையில் பெரியவர் பதிலைச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். பொத்தான் போடும்போது "கை ஏன் நழுவுகிறது?" என்று கேட்டால், "துளை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை" என்று பிள்ளை சொல்லும். "அப்படியானால் என்ன செய்யலாம்?" "கீழேயிருந்து ஆரம்பிக்கலாம், கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும்." தானே கண்டுபிடித்த வழி மறப்பதில்லை.

இன்னொரு நல்ல வழி, கடைசிப் படியிலிருந்து பழக்குவது. கைலியை நீங்கள் சுற்றி மடித்து இறுக்கிவிட்டு, கடைசிச் செருகலை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது வந்ததும் கடைசி இரண்டு படிகள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த நிறைவு பிள்ளைக்குக் கிடைக்கிறது. முதல் படியிலேயே தோற்றுப்போய் உட்கார்ந்துவிடும் நிலை வராது.

மற்ற சில யோசனைகள்:

- தினமும் பத்து முதல் பதினைந்து நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. பிள்ளை விரும்பும் வேலையிலிருந்து தொடங்குங்கள்
- அவசரமான காலையில் பழக்க வேண்டாம். பள்ளி நாளில் நீங்களே பொத்தான் போட்டுவிடலாம். பயிற்சியை மாலைக்கும் விடுமுறைக்கும் வையுங்கள்
- பொருளை மாற்றுங்கள்: அடி அகலமான டம்ளர், விளிம்பு உயர்ந்த தட்டு, லேஸுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த ஷூ, பெரிய பொத்தான் அல்லது டி-ஷர்ட்
- உளூச் செய்யும் இடத்தில் வரிசையைப் படமாக வரைந்து ஒட்டுங்கள். ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்
- மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, துணி பிழிவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். சிந்தினால் துடைக்கத் துணி பக்கத்தில் இருக்கட்டும், திட்டு வேண்டாம்
- கொதிக்கும் பாத்திரம், கத்தி, கிணற்றுமேடு, சாலை கடத்தல் ஆகியவற்றில் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல் கவனம் தேவை
- குழு விளையாட்டு கஷ்டமென்றால் நீச்சல், நடை, ஓட்டம் போன்றவற்றைப் பழக்குங்கள். விளையாட்டையே விட்டுவிட்டால் எடை கூடுவதும் சோர்வும் பின்னால் வரும்

சைக்கிளைத் தள்ளிப்போட வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு இலவச சைக்கிள் கொடுக்கும்போது ஓட்டத் தெரியாமல் நிற்பது ஒரு இளைஞனுக்குப் பெரும் அவமானம். சிறிய சைக்கிளின் பெடலைக் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்தி, காலால் தரையை உந்தி உந்திச் சமநிலை பழகட்டும். அது வந்த பிறகு பெடலை மாட்டலாம்.

பள்ளியிலும் மதரஸாவிலும்

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது பெரிய சலுகை எதுவுமில்லை. முன் வரிசையில் இடம், கரும்பலகைப் பாடத்தின் நகல், பத்துக் கேள்விக்குப் பதில் ஐந்தை எழுதினால் போதும் என்ற அனுமதி, வாய்மொழியாகவும் பதில் சொல்ல வாய்ப்பு, அகலக் கோடு நோட்டு, பருமனான பென்சில். எழுத்தின் அழகுக்கு மதிப்பெண் குறைக்காமல் பதிலின் உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "இன்னும் பத்துத் தடவை எழுது" என்ற தண்டனை இந்தப் பிள்ளைகளுக்குக் கைவலியை மட்டுமே கொடுக்கும்.

மக்தப் மதரஸாவில் இவர்களின் சுமை இரட்டிப்பு. காலையில் வலமிருந்து இடமாக அரபு; பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். கை இன்னும் ஒரு திசைக்கே பழகாதபோது இரண்டாவது திசையும் வந்து சேருகிறது. ஓதக் கற்பதும் எழுதக் கற்பதும் வேறு வேறு திறமைகள் என்பதை உஸ்தாதுகள் நினைவில் வைத்தால் போதும். ஓதுவதில் முன்னேறட்டும், எழுத்து ஓராண்டு கழித்து வரட்டும். அரபு நோட்டுக்கு ஒரு நிற அட்டை, தமிழ் நோட்டுக்கு வேறு நிறம். எழுதத் தொடங்கும் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளி. தரையில் உட்காரும் பிள்ளைக்கு முதுகு சாயச் சுவரோரம் இடம் கொடுத்து, ரிஹாலை நெஞ்சு உயரத்துக்கு வைத்தால் கூன்போட்டு உட்காரும் சிரமம் குறையும். ஏழு வயதில் தொழப் பழக்கும்போது ஸஃப்பில் பின்னால் தள்ளாமல் பொறுமையான பெரியவர் ஒருவரின் பக்கத்தில் நிறுத்துங்கள். பார்த்துச் செய்ய ஒருவர் இருந்தால் வரிசை பதியும்.

பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அந்தக் காலம் முழுவதும் ஒருமுறைகூட 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று தாம் கடிந்துகொள்ளப்படவில்லை என்று அறிவித்ததை நாம் அறிவோம். பணிவிடைக்கு வந்தபோது அனஸ் சிறுவர். சிறுவர் கையில் பொருள் தவறுவது அன்றும் நடந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பிரிவின் கீழ் டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா ஆகியவற்றோடு டிஸ்பிராக்சியாவின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, உங்கள் பிள்ளையின் சிரமத்தை நாட்டின் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறது. "அப்படி ஒன்று கிடையாது" என்று பள்ளியில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

சான்றிதழ் பெறுவதில் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை வைத்தே நடக்கிறது. 2018-இல் வெளியான மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை என்றும் அதில் இருந்தது. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்க நேரம் போதாமல் போகும். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிய விவரங்களைக் கேட்கலாம். சான்றிதழ் வாங்கினால் திருமணத்துக்குத் தடையாகும் என்று, முக்கியமாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர், தயங்குகிறார்கள். சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருக்கும் காகிதம். தேர்வில் தோற்று படிப்பை நிறுத்திய பெண்ணின் வாழ்க்கையோ ஊருக்கே தெரியும்.

வளர்ந்த பிறகு

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது பலருக்கு உண்மையாவதில்லை. பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் தடுமாற்றம் இளமைப் பருவத்திலும் தொடர்கிறது. ஆனால் பழகிய வேலைகள் கைவசமாகிவிடும். புதிய வேலைகளில்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கும். ஹாரி பாட்டர் படங்களில் நடித்து உலகப் புகழ் பெற்ற டேனியல் ராட்கிளிஃப், தமக்கு லேசான டிஸ்பிராக்சியா இருப்பதாகவும், ஷூ லேஸ் கட்டுவது இன்றும் சிரமம் என்றும் 2008-இல் வெளிப்படையாகச் சொன்னார். கையெழுத்து மோசமான பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலேயே கணினியில் தட்டச்சு பழக்கினால், மேற்படிப்பில் பாதிச் சுமை இறங்கிவிடும். மோட்டார் சைக்கிள் ஓட்ட அவசரப்படுத்த வேண்டாம். கூடுதல் மாதங்கள் பழகிய பிறகு சாலைக்குப் போகட்டும்.

கைகளைவிட மனம்தான் முதலில் உடைகிறது. இந்தப் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் தன்னம்பிக்கைக் குறைவும் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுவது, வயிற்றுவலி என்று சொல்வது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று பேசுவது ஆகியவை தொடர்ந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணன் தம்பியோடு ஒப்பிடுவதை வீட்டில் முதலில் நிறுத்துங்கள்.

இன்றே செய்யக்கூடியவை மூன்று. பிள்ளை தடுமாறும் ஐந்து வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் பிள்ளைக்கே ஆசையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாலையில் பத்து நிமிடம் உட்காருங்கள். பள்ளி ஆசிரியரையும் உஸ்தாதையும் சந்தித்து, "இவன் சோம்பேறி இல்லை, இவனுக்குக் கை ஓடுவதில் சிரமம் இருக்கிறது" என்று பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். தனக்காகப் பெற்றோர் பேசுவதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை பென்சிலை எடுக்கப் பயப்படாது, இன்ஷா அல்லாஹ்.